சரக்கு விமான பைலட்டுக்கு சம்பளம் எப்படி போடுறாங்க? 40 மணி நேரமா, 70 மணி நேரமா... ஆஃபர் லெட்டரில் ஒளிந்திருக்கும் கணக்கு!

ராத்திரி 9 மணிக்கு போனில் ஆர்டர் போடுகிறோம். மறுநாள் மதியம் பார்சல் வீட்டு வாசலில். நடுவில் நாம் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சீட்டே இல்லாத ஒரு விமானத்தை இரண்டு பேர் ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். அந்த இரண்டு பேருக்கும் சம்பளம் எப்படி வருகிறது? எந்தக் கம்பெனியில் சேருவது என்பதை அவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்?

'பைலட் ஆனால் மாதம் பல லட்சம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, பிளஸ் டூ முடித்த பிள்ளைக்காக வங்கிக் கடனுக்கு அலையும் வீடுகள் இப்போது சின்ன ஊர்களிலும் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் மாதிரியான ஊர்களில் இந்தப் பேச்சு இன்னும் சுலபமாகப் புரியும். கல்ஃப் வேலை, கப்பல் வேலை என்று பல தலைமுறையாக வெளியே போய் வந்த பகுதி இது. யாராவது 'துபாயில் வேலை கிட்டியிருக்கு' என்று சொன்னால், சம்பளத்தோடு யாரும் நிறுத்த மாட்டார்கள். டிக்கெட் யார் போடுவார்கள், தங்குமிடம் உண்டா, லீவு எப்போது, இடையில் விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று அடுத்தடுத்து கேள்வி வரும்.

சரக்கு விமான பைலட்டின் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், சரக்கு விமானம் என்றால் எது?

விமானத்தில் போகும் சரக்கு எல்லாம் சரக்கு விமானத்தில் போவதில்லை. தோவாளை சந்தையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பூ, நம் கடற்கரையிலிருந்து ஏற்றுமதியாகும் மீன் இவற்றில் பெரும்பகுதி, திருவனந்தபுரத்தில் பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில் ஏறுகிறது. மேலே ஆட்கள், கீழே பெட்டிகள். இதற்கு 'பெல்லி கார்கோ' என்று பெயர். இதை ஓட்டுபவர் வழக்கமான பயணிகள் விமான பைலட். கீழே பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் சம்பளம் மாறாது.

சீட்டே இல்லாமல் முழுக்க சரக்குக்காக மட்டும் பறப்பதுதான் 'ஃப்ரைட்டர்'. இந்தக் கட்டுரையில் நாம் பேசுவது இதை ஓட்டுபவர்களைப் பற்றி.

இந்தியாவில் யாரெல்லாம் ஓட்டுகிறார்கள்?

இதில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1996-ல் தொடங்கிய புளூ டார்ட் ஏவியேஷனின் தலைமையிடம் சென்னைதான். போயிங் 757 ரக ஃப்ரைட்டர்களை வைத்து சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், அகமதாபாத் என்று இரவு நேர வலைப்பின்னலை ஓட்டுகிறது. பின்னர் போயிங் 737-800 ஃப்ரைட்டர்களும் சேர்ந்தன.

ஸ்பைஸ்ஜெட் 2018-ல் ஸ்பைஸ்எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஃப்ரைட்டர் சேவையில் இறங்கியது. இண்டிகோ 2022-ல், பயணிகள் விமானமாக இருந்து சரக்குக்கு மாற்றப்பட்ட ஏர்பஸ் ஏ321-ஐக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் 'அமேசான் ஏர்' இந்தியாவில் தொடங்கியபோது, விமானத்தை ஓட்டிக்கொடுத்தது பெங்களூருவின் குயிக்ஜெட். சென்னையைச் சேர்ந்த ஆஃப்காம் நிறுவனம் 2024 ஆகஸ்ட்டில் பங்குச்சந்தைக்கே வந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், இந்தத் துறையில் விழுந்தவர்களும் உண்டு. 'சூரரைப் போற்று' படத்துக்குத் தூண்டுதலாக இருந்த கேப்டன் கோபிநாத்தை நினைவிருக்கும். ஏர் டெக்கானுக்குப் பிறகு அவர் 2009-ல் தொடங்கியது டெக்கான் 360 என்ற சரக்கு விமான நிறுவனம். நாக்பூரை மையமாக வைத்து நாடு முழுக்க ஒரே இரவில் பார்சல் என்பது திட்டம். 2011-லேயே விமானங்கள் நின்றுவிட்டன. மக்களுக்கு மலிவு விலையில் டிக்கெட் கொடுத்து ஜெயித்தவருக்கே சரக்கு கை கொடுக்கவில்லை.

ஒரு பைலட்டுக்கு இதில் உள்ள செய்தி எளிது: வாய்ப்பு இருக்கிறது, ஆனால் கம்பெனிகள் சின்னவை. விமானங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை நிறுத்தினால் அடுத்த மாத ரோஸ்டரே மாறிவிடும்.

சம்பளம்: மாதக் கணக்கா, மணிக் கணக்கா?

இரண்டும்தான். பைலட் சம்பளம் பொதுவாக நான்கு துண்டுகளாக வரும்.

ஒன்று, நிலையான தொகை. அடிப்படைச் சம்பளமும் சில படிகளும்.

இரண்டு, உத்தரவாத மணி நேரத்துக்கான பணம். 'நீ பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் இத்தனை மணி நேரத்துக்குப் பணம் உண்டு' என்று கம்பெனி கொடுக்கும் வாக்கு.

மூன்று, அந்த உத்தரவாதத்தைத் தாண்டிப் பறந்தால் ஒவ்வொரு மணிக்கும் கூடுதல் பணம்.

நான்கு, வெளியூரில் தங்கும் படி, இரவுப் படி, பயிற்சி கொடுப்பவராக இருந்தால் அதற்கான படி.

இதில் 'மணி நேரம்' என்பது 'பிளாக் ஹவர்'. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நிமிஷம் முதல், போய்ச் சேர்ந்து நிற்கும் நிமிஷம் வரை. அதற்கு முன்பு விமான நிலையத்துக்கு வந்து வானிலை பார்த்தது, சரக்கு ஏறும்வரை காத்திருந்தது எல்லாம் டியூட்டி நேரத்தில் வரும். பிளாக் ஹவரில் வராது.

இங்கேதான் 40-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் வேலை செய்கிறது. புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நிலையான தொகை இரண்டு கம்பெனியிலும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கம்பெனி: மணிக்கு 8,000 ரூபாய், உத்தரவாதம் 40 மணி நேரம்.

இரண்டாவது கம்பெனி: மணிக்கு 6,500 ரூபாய், உத்தரவாதம் 70 மணி நேரம்.

மாதம் 75 மணி நேரம் பறந்தால் முதல் கம்பெனியில் 6 லட்சம். இரண்டாவதில் 4 லட்சத்து 87 ஆயிரத்து 500. முதல் கம்பெனிதான் பெஸ்ட் என்று தோன்றும்.

சரக்கு குறைந்து 30 மணி நேரம்தான் பறக்கக் கிடைத்தது என்றால்? முதல் கம்பெனியில் 40 மணிக்கான 3 லட்சத்து 20 ஆயிரம். இரண்டாவதில் 70 மணிக்கான 4 லட்சத்து 55 ஆயிரம். அப்படியே தலைகீழ்!

அதாவது, வேலை குறைந்த மாதத்தின் நஷ்டத்தை யார் சுமப்பது என்பதை முடிவு செய்யும் எண்தான் இந்த உத்தரவாத மணி நேரம். மணிக்கு எவ்வளவு என்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும். உத்தரவாதம் எவ்வளவு என்பது ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இருக்கும்.

இந்த எண்ணுக்காக விமானங்களே நின்றிருக்கின்றன

பயணிகள் விமான நிறுவனங்களில் சமீபத்தில் நடந்த இரண்டு பெரிய பிரச்சினைகளும் இதே எண்ணைச் சுற்றித்தான்.

2023 ஏப்ரலில் ஏர் இந்தியா புதிய சம்பள முறையை அறிவித்தது. உத்தரவாத மணி நேரம் 70-லிருந்து 40 ஆனது. பைலட் சங்கங்கள் எதிர்த்தன. 1,500-க்கும் அதிகமான பைலட்டுகள் கையெழுத்திட்டு ரத்தன் டாடா தலையிட வேண்டும் என்று மனு அனுப்பினார்கள்.

அடுத்த ஆண்டு விஸ்தாரா. ஏர் இந்தியாவோடு இணைவதற்கு முன்பு, அங்கேயும் 70 மணி நேரம் 40 ஆகும் புதிய ஒப்பந்தம் வந்தது. 2024 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பல பைலட்டுகள் உடம்பு சரியில்லை என்று லீவு போட, விமானங்கள் வரிசையாக ரத்தாகின. கடைசியில் தினமும் 25 முதல் 30 விமானங்கள் வரை, அதாவது சுமார் 10 சதவீதத்தைக் குறைத்துத்தான் அந்த நிறுவனம் சமாளித்தது.

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. ஸ்பைஸ்ஜெட் 2023 மே மாதம் கேப்டன்களுக்கு மாதம் 75 மணி நேரம் பறந்தால் 7.5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. தொகை பெரிது. ஆனால், இந்தியாவில் ஒரு பைலட் ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. மாதத்துக்குப் பிரித்தால் 83 மணி நேரம். அப்படியானால் 75 என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உழைப்பு. 7.5 லட்சத்தை மட்டும் படித்துவிட்டு, கூடவே இருக்கும் 75-ஐ விட்டுவிடக் கூடாது.

சரக்கு பைலட்டுக்கு இது ஏன் இன்னும் முக்கியம்?

சென்னையிலிருந்து பெங்களூரு எவ்வளவு நேரம்? பிளாக் ஹவர் கணக்கில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். உள்நாட்டு சரக்கு பைலட் ராத்திரி இப்படி ஒரு ஊருக்குப் போய், அங்கே பெட்டிகள் இறங்கி, வேறு பெட்டிகள் ஏறும்வரை காத்திருந்து, விடிகாலையில் அடுத்த ஊருக்குப் பறப்பார். முழு இரவும் கண் விழித்திருப்பார். ஆனால், பிளாக் ஹவர் இரண்டோ மூன்றோதான் ஏறியிருக்கும்.

பயணிகள் விமானத்தை ஓட்டும் அவருடைய நண்பர், பகலில் அதே நேரத்துக்குள் நான்கு டிரிப் அடித்திருப்பார். மணிக் கணக்கில் சம்பளம் என்றால் நண்பருக்குத்தான் லாபம். சரக்கு பைலட்டுக்கு நல்ல உத்தரவாதமோ, கனமான நிலையான சம்பளமோ, இரவுப் படியோ இல்லையென்றால் விழித்திருந்த நேரத்துக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இது நடந்த கதையும்கூட. கொரோனா ஊரடங்கில் பயணிகள் விமானம் எல்லாம் நின்றுபோனபோது, சரக்கு விமானங்கள் மட்டும் பறந்தன. மருந்தும் மருத்துவப் பொருளும் போயாக வேண்டும் அல்லவா? 2020 ஏப்ரல் கடைசியில் ஸ்பைஸ்ஜெட் தன் பைலட்டுகளுக்கு ஒரு தகவல் அனுப்பியது. ஏப்ரல், மே மாதங்களுக்கு சம்பளம் கிடையாது. சரக்கு விமானம் ஓட்டுபவர்களுக்கு மட்டும், உண்மையில் பறந்த பிளாக் ஹவருக்கு ஏற்பப் பணம்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். நாடே முடங்கியபோதும் சரக்கு பைலட்டுக்கு வேலை இருந்தது, இது நல்ல செய்தி. நெருக்கடி என்று வந்ததும் முதலில் காணாமல் போனது 'பறக்காவிட்டாலும் பணம்' என்ற பகுதி, இது மறக்கக் கூடாத செய்தி.

சரி, கம்பெனியை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சம்பளத்துக்கு அடுத்து மூன்று விஷயங்கள் பெரிதாகப் பேசப்படும்.

*பேஸ் எங்கே?* டியூட்டி எந்த ஊரில் தொடங்குகிறதோ அதுதான் பேஸ். சென்னை பேஸ் என்றால் தென் மாவட்டத்துக்காரர் லீவுக்கு ரயில் பிடித்து ஊருக்கு வந்துவிடலாம். டெல்லி பேஸ் என்றால் வீட்டு வாடகையும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து, கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைத் தின்றுவிடும்.

*எந்த விமானம்?* ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனியாக 'டைப் ரேட்டிங்' பயிற்சி எடுக்க வேண்டும். ஏர்பஸ் ஏ320 குடும்பம், போயிங் 737 இரண்டும் இந்தியாவில் பயணிகள் நிறுவனங்களிலும் பரவலாக இருக்கின்றன. அந்த ரேட்டிங் கையில் இருந்தால் நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறுவது சுலபம். போயிங் 757 மாதிரி இங்கே அரிதாக இருக்கும் விமானத்தில் அனுபவம் சேர்த்தால், உள்நாட்டில் போகும் கதவுகள் குறைவு. மாற வேண்டுமென்றால் திரும்பவும் ஒரு டைப் ரேட்டிங். அந்தச் செலவை யார் ஏற்பது என்பது அடுத்த கேள்வி.

*கேப்டன் ஆவது எப்போது?* கோ-பைலட்டுக்கும் கேப்டனுக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விமானங்கள் வேகமாகக் கூடும் கம்பெனியில் வலது சீட்டிலிருந்து இடது சீட்டுக்கு சீக்கிரம் மாறலாம். ஏழெட்டு விமானம் வைத்திருக்கும் கம்பெனியில், மேலே இருப்பவர் ஓய்வு பெற்றாலோ விலகினாலோதான் இடம் காலியாகும். ஓய்வு வயது 65. அதனால் இன்றைய சம்பளத்தைவிட, கம்பெனி எத்தனை புது விமானங்களுக்கு ஆர்டர் போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து சேருபவர்களும் உண்டு.

சேருவது சுலபம், விலகுவது?

இங்கே சட்டம் உள்ளே வருகிறது. 2017 ஆகஸ்ட்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கொண்டுவந்த விதிப்படி, கேப்டன் விலக வேண்டும் என்றால் ஒரு வருடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கோ-பைலட் என்றால் ஆறு மாதம். ஐ.டி. வேலையில் மூன்று மாத நோட்டீஸுக்கே புலம்புகிறோம். இங்கே ஒரு வருடம்!

கம்பெனி தரப்பு வாதம் இதுதான்: ஒரு பைலட்டைத் தயார் செய்ய பல மாதம் ஆகும், திடீரென்று போனால் விமானம் நின்றுவிடும், டிக்கெட் வாங்கிய பொதுமக்கள்தான் பாதிக்கப்படுவார்கள். பைலட் தரப்பு வாதம்: புதிதாக வேலை கொடுக்கும் கம்பெனி ஒரு வருடம் காத்திருக்குமா? கதவைப் பூட்டிவிட்டு சம்பளப் பேரம் பேசச் சொன்னால் எப்படி?

2023-ல் இந்த மோதல் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 பைலட்டுகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் விலகினார்கள். அந்த ஆகஸ்ட்டில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்ய வேண்டியிருந்ததாகவும், நிறுவனமே மூடப்படும் நிலை வரலாம் என்றும் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. நோட்டீஸ் காலத்தை மீறியதாக பைலட்டுகள் மீது தனியாக வழக்கும் போட்டது அந்த நிறுவனம்.

இதோடு 'பாண்ட்' என்ற இன்னொரு முடிச்சும் உண்டு. டைப் ரேட்டிங் செலவை கம்பெனி ஏற்றுக்கொண்டு, 'இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும்' என்று எழுதி வாங்கும். 'அதெல்லாம் கோர்ட்டில் செல்லாது' என்று சிலர் தைரியம் சொல்வார்கள். நம்பி இறங்காதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வங்கி வேலை வழக்குதான். ஆனாலும், பாண்ட் என்றாலே சட்டவிரோதம் என்று இனி சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

உடம்பும் ஒரு முதலீடுதான்

சரக்கு விமானம் என்றாலே இரவு வேலை. பகலில் பார்சல் வாங்கி, ராத்திரி பறந்து, காலையில் டெலிவரி. பிசினஸே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

பைலட் களைப்பு பற்றிய விதிகளை டி.ஜி.சி.ஏ. 2024 ஜனவரியில் மாற்றி எழுதியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரம். 'இரவு' என்பதன் எல்லை காலை 5 மணியிலிருந்து 6 மணி வரை நீண்டது. இரவில் ஆறு முறைவரை தரையிறங்கலாம் என்று இருந்தது, இரண்டாகக் குறைந்தது. நீதிமன்றம் வரை போன பிறகு, 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டமாக இவை அமலுக்கு வந்தன. அதன் பிறகு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விமான நிலையங்கள் பஸ் ஸ்டாண்டு போல ஆகின. அந்த நிறுவனத்துக்கு இரவு விதிகளில் தற்காலிகத் தளர்வும் கொடுக்கப்பட்டது.

அமெரிக்காவில் இந்த விஷயத்தில் ஒரு வினோதம். 2009-ல் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் 50 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகு, பைலட் ஓய்வுக்குக் கடுமையான விதி கொண்டுவந்தார்கள். 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த அந்த விதியில், சரக்கு விமான பைலட்டுகளுக்கு விலக்கு! அதற்கு முந்தைய ஆகஸ்ட் மாதம்தான், யு.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானம் பர்மிங்ஹாமில் விடிவதற்கு முன்பு தரையிறங்கும்போது நொறுங்கி, இரண்டு பைலட்டுகளும் இறந்திருந்தார்கள். விசாரணை அறிக்கையில் களைப்பும் பதிவானது. பயணிகள் விமானத்தை ஓட்டினாலும் பெட்டிகளை ஓட்டினாலும் தூக்கம் ஒன்றுதானே என்று அங்குள்ள சரக்கு பைலட்டுகள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பைலட்டுக்கு மருத்துவத் தகுதி போனால் வேலையே போய்விடும். ரத்த அழுத்தமோ, சர்க்கரையோ, இதயப் பிரச்சினையோ, மற்ற வேலைகளில் மாத்திரை போட்டுக்கொண்டு தொடரலாம். இங்கே லைசென்ஸே கேள்விக்குறி. அதனால்தான் 'லைசென்ஸ் இழப்புக் காப்பீடு' கம்பெனி தருகிறதா என்பதை அனுபவசாலிகள் முதலில் கேட்கிறார்கள்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் சரக்கு பைலட் வேலைதான் பலருக்கு உச்சக் கனவாக இருந்தது. ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். இரண்டும் பெரிய விமானங்கள், நல்ல சம்பளம், அதோடு ஓய்வூதியம் என்று ஆள் இழுத்தன. அங்கே எல்லாமே சீனியாரிட்டி. எந்த விமானம், எந்த ஊர், எந்த வாரம் லீவு என்று மூத்தவர் முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சம் இளையவருக்கு. கம்பெனி மாறினால் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அதனால் அங்கே முதல் தேர்வு கல்யாணம் மாதிரி, யோசித்துத்தான் செய்கிறார்கள்.

அங்கேயும் ஏற்ற இறக்கம் உண்டு. 2023 ஜூலையில் ஃபெடெக்ஸ் பைலட்டுகள், தங்கள் சங்கமே பேசி முடித்த சம்பள ஒப்பந்தத்தை 57 சதவீத ஓட்டுகளால் நிராகரித்தார்கள். அதே ஆண்டு சரக்கு குறைந்தபோது, பி.எஸ்.ஏ. என்ற சிறிய பயணிகள் விமான நிறுவனத்தில் கேப்டன் வேலை இருக்கிறது, விருப்பமிருந்தால் போகலாம் என்று ஃபெடெக்ஸே தன் பைலட்டுகளுக்குத் தகவல் சொன்னது.

அட்லஸ் ஏர், கலிட்டா போன்ற நிறுவனங்களில் இன்னொரு முறை. நீங்கள் எந்த ஊரில் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். டியூட்டிக்கு விமானம் நிற்கும் ஊர்வரை கம்பெனியே டிக்கெட் போடும். பதிலுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து உலகம் சுற்ற வேண்டும், பிறகு மொத்தமாக வீட்டில் லீவு. நம் ஊர் கப்பல்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

கல்ஃபில் எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்களில் போயிங் 777 ஓட்டும் பைலட் ஒரு நாள் பயணிகளையும் இன்னொரு நாள் சரக்கையும் கொண்டுபோவார். வருமான வரி இல்லை, வீட்டு வசதி, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் என்ற தொகுப்புதான் அங்கே இழுக்கும் விஷயம். ஆனால், அதற்கு நல்ல அனுபவம் கேட்பார்கள். 200 மணி நேரம் மட்டும் பறந்துவிட்டு வரும் புதியவருக்கு அந்தக் கதவு உடனே திறக்காது.

கடன் வாங்குவதற்கு முன்பு ஒரு கணக்கு

இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பயிற்சி, டைப் ரேட்டிங் எல்லாம் சேர்த்து அரை கோடியைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

50 லட்சம் ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, 10 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 69,000 ரூபாய். ஏர் இந்தியா 2023-ல் அறிவித்த முறையில் பயிற்சி பைலட்டுக்கு மாதம் 50,000 ரூபாய். அதாவது, நாட்டின் பெரிய நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்தால்கூட, தொடக்க மாதங்களில் தவணைக்கே காணாது. லைசென்ஸ் வாங்கிய உடனே வேலை கிடைக்காமல் காத்திருக்கும் மாதங்களை இதில் சேர்க்கவே இல்லை.

பின்னால் கேப்டன் ஆனால் கடன் சீக்கிரம் அடைந்துவிடும் என்பது உண்மைதான். அதுவரை வீடு தாக்குப்பிடிக்குமா என்பதுதான் அந்தந்தக் குடும்பம் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு. ஊரில் இருக்கும் நிலத்தை அடமானம் வைத்துத்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்றால், அந்தக் கணக்கை ஒருமுறைக்கு இரண்டுமுறை போட்டுப் பாருங்கள்.

ஆஃபர் கையில் வந்தால் கேட்க வேண்டியவை

• உத்தரவாத மணி நேரம் எத்தனை? அதை கம்பெனி ஒருதலைப்பட்சமாகக் குறைக்கலாம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

• கடந்த ஒரு வருடத்தில் அங்குள்ள பைலட்டுகள் மாதம் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார்கள்?

• இரவுப் படி உண்டா? காத்திருக்கும் நேரத்துக்கு ஏதாவது உண்டா?

• புதிய ஓய்வு விதிகள் இந்த நிறுவனத்தின் ரோஸ்டரில் எப்படி அமலாகின்றன? தளர்வு எதுவும் வாங்கியிருக்கிறதா?

• டைப் ரேட்டிங் செலவு யாருடையது? பாண்ட் எத்தனை வருடம்? வருடம் போகப் போக அந்தத் தொகை குறையுமா?

• கம்பெனி மூடினாலோ, சம்பளம் தராமல் இழுத்தடித்தாலோ பாண்டும் நோட்டீஸும் என்ன ஆகும்?

• லைசென்ஸ் இழப்புக் காப்பீடு எவ்வளவு தொகைக்கு?

• கம்பெனியின் சரக்கில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதா? அந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

கடைசிக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல கம்பெனி தயங்கலாம். அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் இரண்டு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். கல்ஃப் போகிறவர், அங்கே இருக்கும் ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டுத்தானே விசாவில் கையெழுத்துப் போடுவார்? விமானம் ஓட்டப் போகிறவருக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் நல்லது.